அறுவைக் கத்தி பிடித்த கைகள்

ஆகஸ்டு மாதம் நெருங்கினால் நம் சபையின் ஜெபக் குறிப்புகளில் ஒரு விண்ணப்பம் தவறாமல் வரும்: "பிள்ளைக்கு மெடிசின் கிடைக்க வேண்டும்." யூகேட் தேர்வு, ஏ லெவல் முடிவு, நேர்முகம் என்று ஒவ்வொரு படியிலும் அம்மாமார் முழங்காலில் நிற்பார்கள். அந்தப் பிள்ளையிடம், "என்ன டாக்டர் ஆகப் போகிறாய்?" என்று கேட்டால், பெரும்பாலும் "சர்ஜன்" என்ற பதில் வரும். "எந்த சர்ஜன்?" என்றால், "ஹார்ட்" அல்லது "பிரெய்ன்". "ஏன்?" என்று மூன்றாவது கேள்வி கேட்டால் மட்டும் பதில் தாமதிக்கும். அம்மாவைத் திரும்பிப் பார்க்கும் பிள்ளைகளும் உண்டு.

அந்த மூன்றாவது கேள்விக்காகவே இந்தக் கட்டுரை. ஒரு அறுவை நிபுணர் எங்கிருந்து வருகிறார்? இருதயமா, மூளையா, எலும்பா, கண்ணா என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறார்? இதற்குப் பதில் தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலும், கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரிலும், வேலூரிலும் நம் தாத்தா பாட்டிமாருக்குக் கத்தி வைத்துக் கட்டுப் போட்ட கைகளின் கதையைக் கேட்டாலே போதும்.

முதலில் ஒரு சின்னச் செய்தி. பிளேஸ்டோவில் இருக்கும் நமக்கு, கிளென் ரோட்டிலுள்ள நியூஹாம் மருத்துவமனை பழகிய இடம். அங்கே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மற்ற மருத்துவர்களை "டாக்டர்" என்பார்கள். அறுவை நிபுணரை "மிஸ்டர்" அல்லது "மிஸ்" என்பார்கள். இது மரியாதைக் குறைவு இல்லை, பழைய வரலாறு. லண்டனில் 1540 முதல் 1745 வரை நாவிதர்களும் சர்ஜன்களும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் படித்த வைத்தியர் நோயைக் கண்டு மருந்து எழுதுவார். வெட்டுவதும் தைப்பதும் கைத்தொழில். பட்டறையில் இருந்து பழகும் வேலை. பட்டம் இல்லாததால் அவர் "மிஸ்டர்". இன்று அவர் எல்லாப் பட்டமும் பெற்றவர். ஆனாலும் அந்தப் பழைய பெயரைப் பெருமையாக வைத்துக்கொண்டிருக்கிறார். அறுவை மருத்துவத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் பொருளே "கைவேலை" என்பதுதான். நாசரேத்து ஊரார் நம் ஆண்டவரை "தச்சன்" என்று இளக்காரமாகச் சொன்னதை நினைத்துக்கொண்டு, மேலே வாசியுங்கள்.

மானிப்பாய்: தமிழில் கத்தி பிடித்தவர்

சாமுவேல் பிஸ்க் கிரீன் 1822இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் நியூயார்க் நகரத்தைப் பெரிதாக்கியவர்களில் ஒருவர் என்று இன்றும் பேசப்படுகிறார். தம்பியும் அதே நியூயார்க்கில் மருத்துவம் படித்தார். அங்கேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருப்பார். 1847இல், 25 வயதில், அமெரிக்க மிஷன் சார்பில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அடுத்த வருடமே மானிப்பாயில் வேலையைத் தொடங்கினார்.

அவருடைய சிறப்புத் துறை எது? காயம், கட்டி, பிரசவம், கண், காய்ச்சல், காலரா என்று வாசலில் வந்து நின்றதெல்லாம் அவருடைய துறைதான். ஆனாலும் அவர் ஒன்றைக் கண்டுகொண்டார்: தான் ஒருவன் எத்தனை பேருக்குக் கட்டுப் போட முடியும்? உள்ளூர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் ஊர் ஊராகப் போவார்கள். ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்தால், படித்தபின் கிராமத்துக்குத் திரும்புவார்களோ என்னவோ. ஆகவே தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடற்கூறு, பிரசவ வைத்தியம், வேதியியல் நூல்களைத் தம் மாணவர்களோடு உட்கார்ந்து தமிழாக்கினார். அறுவை மருத்துவத்துக்கு "இரண வைத்தியம்" என்ற பெரிய நூலைக் கொடுத்தார். நரம்புக்கும் நாளத்துக்கும் தசைக்கும் தமிழில் என்ன சொல்வது என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடிய வேலை அது. அவரிடம் பயின்று வெளியே வந்த தமிழ் மருத்துவர்கள் 60 பேருக்கும் மேல். 1873இல் உடல் தளர்ந்து ஊர் திரும்பினார், 1884இல் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்பதையே தம் கல்லறைக் கல்லில் பொறிக்கச் செய்தார்.

இங்கே வளரும் பிள்ளைகள் சிலர், பாட்டியோடு மருத்துவமனைக்குப் போய், டாக்டர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லியிருப்பீர்கள். "பித்தப்பை" என்ற சொல் தெரியாமல் விழித்திருப்பீர்கள். அதே சங்கடத்தை 170 வருடத்துக்கு முன் ஒரு அமெரிக்கர் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்.

நெய்யூர்: எவரெஸ்ட்டிலிருந்து இறங்கி வந்தவர்

ஹோவர்ட் சாமர்வெல் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள கெண்டல் ஊரில், காலணி செய்யும் வசதியான குடும்பத்தில் 1890இல் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையிலும் படித்தார். முதல் உலகப் போரில், பிரான்சில் சொம் போர்முனையில், காயப்பட்ட இளைஞர்கள் புல்வெளியில் வரிசை வரிசையாகக் கிடக்க, நாள் கணக்கில் அறுவை செய்தார். அதைப் பார்த்தபின் அவர் பழைய மனிதராக இல்லை.

மலையேற்றத்திலும் அவர் கைதேர்ந்தவர். 1922இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இருந்தார். அந்த முயற்சியில் பனிச்சரிவு விழுந்து, சுமை தூக்கி வந்த ஏழு பேர் மாண்டார்கள். ஆங்கிலேயர் எல்லோரும் தப்பினார்கள். அந்தப் பாரம் அவர் மனதில் தங்கிவிட்டது. இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று தெற்கே வந்தவர், லண்டன் மிஷனரி சங்கத்தின் நெய்யூர் மருத்துவமனைக்குள் நுழைந்தார். நோயாளிகள் கூட்டமாகக் காத்திருக்க, அங்கிருந்த மருத்துவர் ஓய்வில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். சாமர்வெல் கை கொடுக்க இறங்கினார். அந்த நாட்களில் எடுத்த முடிவு, லண்டனில் அவருக்காகக் காத்திருந்த எதிர்காலத்தை மாற்றிவிட்டது.

1924இல் மறுபடி எவரெஸ்ட் சென்று, பிராணவாயு உருளை இல்லாமல் 8,500 மீட்டருக்கும் மேல் ஏறினார். அந்த வருட ஒலிம்பிக்கில் மலையேற்றத்துக்கான பதக்கம் 1922 குழுவினருக்குக் கிடைத்தது. பதக்கம் வாங்கியவர் இருபது வருடத்துக்கும் மேல் நெய்யூரில் மக்களின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம், வயிறு! திருவிதாங்கூர்ப் பகுதியில் குடற்புண் மிக அதிகம். ஆயிரக்கணக்கானோருக்கு அந்த அறுவை செய்து, அதில் பேர்பெற்ற நிபுணரானார். இந்தத் துறையை அவர் லண்டனில் இருந்து தேர்ந்தெடுத்து வரவில்லை. நெய்யூர் வாசலில் நின்ற ஜனங்களே அதை அவருக்குத் தேர்ந்து கொடுத்தார்கள். பின்பு வேலூரிலும் 1961 வரை கற்பித்தார்.

வேலூர்: ஒரே கூரையின் கீழ் பலவித கைகள்

வேலூர் மருத்துவமனையின் தொடக்கம் உங்களுக்கு ஞாயிறு பள்ளியிலேயே தெரிந்திருக்கும். ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையிலிருக்கும் தங்கள் மனைவிமாருக்காகப் பெண் மருத்துவரைத் தேட, யாரும் இல்லாமல் மூன்று பெண்களும் மரித்தார்கள். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலையைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் முதலில் மருத்துவ ஊழியம் செய்த இடம் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நம் கதை ஒன்றுதான்.

1940களின் கடைசியில் அந்த வேலூரில் அறுவை நிபுணர்கள் ஒவ்வொருவராய் வந்து சேர்ந்தார்கள். யாருடைய பாதையும் மற்றவர் பாதையைப் போல இல்லை.

பால் பிராண்ட் 1914இல் நம் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்து அனுப்பப்பட்டார். மலையில் இருந்த அப்பா 1929இல் காய்ச்சலில் இறந்துபோனார். பையனுக்கு மருத்துவம் பிடிக்கவில்லை. சீழும் இரத்தமும் கண்டால் அருவருப்பு. ஆகவே கட்டிட வேலைக்குப் போனார். செங்கல் அடுக்கவும் மரம் இழைக்கவும் கல் கொத்தவும் சில வருடம் பழகினார். மிஷன் வேலைக்கு உதவுமென்று, மிஷனரிகளுக்கு அடிப்படை மருத்துவம் சொல்லிக்கொடுத்த லிவிங்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். அது இருந்தது நம் பிளேஸ்டோவிலிருந்து பக்கத்திலேயே, லேட்டனில். அங்கே பழகும்போதுதான் மருத்துவத்தின் மேல் இருந்த வெறுப்பு போய், இதுதான் தன் வேலை என்று கண்டார். பிறகு முறைப்படி படித்து, போர்க்கால லண்டனில் பயிற்சி பெற்று, 1946இல் வேலூர் வந்தார்.

செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்கு ஒருநாள் போனார். ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் சுற்றிக் காட்டினார். மடங்கிப்போன விரல்கள், குறைந்துபோன விரல்கள். மடங்கிய கையுள்ள ஒருவரிடம் தம் கையை நீட்டி, "இறுக்கிப் பிடியுங்கள்" என்றார் பிராண்ட். பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலி பொறுக்கவில்லை. பிடித்தவருக்கோ எதுவும் தெரியவில்லை! அந்தக் கையில் உயிருள்ள, பலமான தசை இன்னும் இருக்கிறது, உணர்ச்சிதான் இல்லை. அந்த ஒரு கைகுலுக்கல் அவருடைய துறையை முடிவு செய்தது.

ஆராய்ந்து பார்த்ததில் இரண்டு காரியம் தெரிந்தது. ஒன்று: நோய்க்கிருமி, தோலுக்கு அருகில் குளிர்ச்சியான இடங்களில் ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது, முன்கையின் மேற்பகுதித் தசைகள் பல கெடாமல் இருக்கின்றன. ஆகவே நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்குத் திருப்பி இணைத்தால் விரல் மறுபடி விரியும். கட்டிடத்தில் விட்டமும் கயிறும் கப்பியும் எப்படிப் பாரம் இழுக்கும் என்று பழகிய கைக்கு இது எளிதாகப் புரிந்தது. 1948 முதல் அந்த அறுவைகள் நடந்தன. தொழுநோயாளியைப் பொது மருத்துவமனையில் சேர்க்கவே பயந்த காலம் அது. சூம்பின கையை நீட்டச் சொன்ன ஆண்டவரின் ஜெப ஆலயக் காட்சி நமக்குத் தெரியும். வேலூரில் அதே கட்டளை, பல மணி நேர அறுவையும் மாதக்கணக்கான உடற்பயிற்சியுமாக நிறைவேறியது.

இரண்டாவது: விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழவில்லை. வலி தெரியாததால் சூடும் வெட்டும் புண்ணும் கவனிக்கப்படாமல் விரல் தேய்ந்துபோனது. ஒருமுறை, தூங்கி எழுந்தவர்களின் விரல் காணாமல் போவது ஏன் என்று விளங்கவில்லை. இரவில் காத்திருந்து பார்த்தபோது, எலி வந்து கடிப்பதும், கடிபட்டவர் அசையாமல் தூங்குவதும் தெரிந்தது. அதன்பின் நோயாளிகளுக்கு மருந்தோடு பூனையும் கொடுத்தார்கள்! வலியைக்கூட கர்த்தர் தந்த காவல் என்று பிராண்ட் வாழ்நாள் முழுவதும் பேசியதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு பாடம் அவரை வேதனைப்படுத்தியது. கை சரியான ஒருவர் சில காலத்தில் திரும்பி வந்து முறையிட்டார்: முன்பு மடங்கிய கையைப் பார்த்துப் பிச்சை போட்டார்கள், இப்போது பிச்சையும் இல்லை, தழும்பைப் பார்த்து வேலையும் தருவாரில்லை. அறுவை வெற்றி, மனிதன் பட்டினி. அப்போதுதான் பிராண்டின் பழைய தொழில் மறுபடி உதவிக்கு வந்தது. புதுவாழ்வு மையம் என்று குடிசைகள் அமைத்து, குணமானவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். கொத்தனாராகவும் தச்சனாகவும் கழிந்த வருடங்கள் வீணாகிவிட்டன என்று ஒரு காலம் நினைத்தவர், ஒரு நாளும் வீணாகவில்லை என்று சாட்சி சொன்னார்.

அவருடைய மனைவி மார்கரெட்டும் மருத்துவர். வேலூர் வந்தபின், கண் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று அழைப்பு வந்தது. கண்ணைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். கற்றுக்கொள்ளலாம் என்றார்கள். கற்றுக்கொண்டார். முகாம் முகாமாகப் போய்க் கண்புரை எடுத்தார். தொழுநோயாளிகளின் கண்ணைக் காப்பதில் உலகமே கேட்கும் நிபுணரானார்.

ஜேக்கப் சாண்டி 1910இல் கோட்டயத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் படித்து, பாரசீக வளைகுடாவில் பஹ்ரைன் மிஷன் மருத்துவமனையில் வேலை செய்து, அமெரிக்காவுக்கும் பின் கனடாவின் மான்ட்ரியலுக்கும் போய், புகழ்பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடம் மூளை அறுவை கற்றார். வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாம். 1949இல் வேலூர் வந்து இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அதே காலத்தில் அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் நெஞ்சு அறுவைப் பிரிவை நிறுவினார். காசநோய் வீடு வீடாக இருந்த நாட்டில் நுரையீரலுக்கு அறுவை நிபுணர் வேண்டியிருந்தார்.

மேரி வர்கீஸ் 1925இல் கொச்சிக்கு அருகில் பிறந்தவர். வேலூரிலேயே படித்த இளம் மருத்துவர். 1954 ஜனவரியில், தோழர்களோடு வண்டியில் போகும்போது விபத்து. இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. அந்தக் கட்டில் நாட்களில் அவர் என்ன கேள்வி கேட்டிருப்பார் என்று நாம் ஊகிக்கலாம். பிராண்ட் அவரிடம் ஒரு யோசனை சொன்னார்: கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். அப்படியே சக்கர நாற்காலியில் இருந்தபடி, தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நடக்க முடியாத மருத்துவர் தங்கள் கையைச் சரிசெய்வதைப் பார்த்த நோயாளிகளுக்கு எவ்வளவு தைரியம் வந்திருக்கும்! பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1960களில் வேலூரில் அந்தத் துறையைத் தலைமை ஏற்று வளர்த்தார். தண்டுவடம் அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் 1966இல் திறந்தது. இந்திய அரசு 1972இல் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவருடைய துறையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அது அவர்மேல் வந்து விழுந்தது. விழுந்ததை ஊழியமாக்கினார்.

ஒரே சரீரம்

இவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். செல்வக் குடும்பத்தார், கொத்தனார் வேலை பழகியவர், மலையேறி, கோட்டயத்துக்காரர், சக்கர நாற்காலியில் ஒரு பெண். ஒருவருக்குக் கை, ஒருவருக்குக் கண், ஒருவருக்கு மூளை, ஒருவருக்கு வயிறு. 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தை வாசித்தால், பவுல் இவர்களைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்று தோன்றும். கண்ணானது கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்ல முடியாது.

இவர்களில் யாரும் தனியாக எதையும் செய்யவில்லை. மயக்க மருந்து கொடுத்தவர், கருவியை எடுத்துக் கொடுத்த நர்ஸ், விரலுக்குப் பயிற்சி கொடுத்தவர், உணர்ச்சியற்ற பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு தைத்தவர் எல்லோரும் சேர்ந்ததால்தான் ஒரு மனிதன் எழுந்து நடந்தான். அந்தச் செருப்பு தைத்தவர் இல்லையென்றால் பிராண்டின் அறுவை ஆறே மாதத்தில் மறுபடி புண்ணாகியிருக்கும். நம் சபையிலும் இரவுப் பணி முடித்து, கண் சிவந்து, நேரே ஆராதனைக்கு வரும் நர்ஸ் அக்காமாரும், வார்டு சுத்தம் செய்யும் மாமாமாரும் இருக்கிறார்கள். மருத்துவ ஊழியம் என்றால் அவர்களும்தான்.

தம்பி தங்கைகளே, இந்த நாட்டில் அறுவைத் துறைகள் 10 என்று பிரித்திருக்கிறார்கள். பட்டம் வாங்கியபின் நிபுணராக இன்னும் ஏறத்தாழ 10 வருடம் வேண்டும். அவ்வளவு நீண்ட ராத்திரிகளை அம்மாவின் ஆசை மட்டும் தாங்காது, சம்பளமும் தாங்காது. யாருடைய வலி உங்களை விடாமல் தொடர்கிறது என்று இப்போதே கவனியுங்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கும்.

இந்த ஆகஸ்டில் மதிப்பெண் குறைந்து வீட்டில் முகம் காட்ட வெட்கப்படுகிற பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. பால் பிராண்ட் மருத்துவம் படிக்கப் போகுமுன் செங்கல் அடுக்கினார். அந்தச் செங்கல்லையும் கர்த்தர் உபயோகித்தார்.

பெற்றோரே, உங்கள் ஜெபத்தை நிறுத்த வேண்டாம். ஒரு சொல்லை மட்டும் கூட்டுங்கள். "பிள்ளைக்கு மெடிசின் கிடைக்க வேண்டும்" என்பதோடு, "யாருக்காக என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்" என்றும் ஜெபியுங்கள்.

வாலிபர் கூடுகையில் பேச:

1. மாற்கு 3:1-5 வாசியுங்கள். சூம்பின கையுள்ளவனை ஆண்டவர் நடுவே எழுந்து நிற்கச் சொன்னது ஏன்? நம் தெருவில் யாரை நாம் ஓரமாக வைத்திருக்கிறோம்?

2. அறுவை வெற்றி பெற்றும் நோயாளி பட்டினி கிடந்தார். உதவி செய்தபின் அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று நாம் திரும்பிப் பார்க்கிறோமா?

3. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: மானிப்பாயிலோ, நெய்யூரிலோ, வேலூரிலோ நம் குடும்பத்தில் யாராவது சிகிச்சை பெற்றார்களா? அந்தச் சாட்சியை அடுத்த கூடுகைக்குக் கொண்டு வாருங்கள்.